நிருவாகவியல் ஆராய்ச்சியும் பால்மரக் காடும்

நிருவாகம் என்றவுடன் குளிரூட்டிய அலுவலகமே பலர்க்கும் நினைவுக்கு வருகிறது. விடியுமுன் பெரட்டுக் களத்தில் ஆள் பிரித்த கங்காணியும், கணக்கெழுதிய கிராணியும், காடு சுற்றி வந்த துரையும் நடத்தியது நிருவாகம் அன்றி வேறு யாது? கெடா மாநிலத் தோட்டங்களில் பல தலைமுறைகளாக நடந்த தொழில் அது. அதே மாநிலத்தின் சிந்தோக்கில், நிருவாகவியலையே சிறப்புத் துறையாகக் கொண்ட உத்தாரா மலேசியாப் பல்கலைக்கழகம் இயங்கி வருகிறது. 1984ஆம் ஆண்டில் தோன்றிய கலைக்கூடம் அது. இவ்விரண்டும் ஒரே மாநிலத்தில் இருப்பதால், இத்துறை ஆராய்ச்சி எவர்க்குப் பயன்பட வேண்டும் என்ற வினா இங்கே தானாகவே எழுகிறது.

இத்துறையின் மூலநூல்களுள் ஒன்று, அறிவியல் முறை நிருவாகம் பற்றிப் பிரெடரிக் டெய்லர் 1911இல் வெளியிட்டது. பெத்லெகம் எஃகு ஆலையில் நாளொன்றுக்குப் பன்னிரண்டரை டன் இரும்புப் பாளம் சுமந்த தொழிலாளியை 47 டன் சுமக்கச் செய்ததாக அதில் பெருமையுடன் எழுதினார். கூலியோ 1 டாலர் 15 காசிலிருந்து 1 டாலர் 85 காசுக்கு உயர்ந்தது. வேலை ஏறத்தாழ நான்கு மடங்கு. கூலி இரு மடங்கைக்கூட எட்டவில்லை. மரஞ்சீவிப் பிழைத்தவர்க்கு இக்கணக்கை விளக்க வேண்டியதில்லை. அவர் சொன்ன கதையில் மிகை உண்டெனப் பிற்கால ஆய்வாளர் காட்டியுள்ளனர். எனினும் டெய்லர் வேலை நடக்கும் இடத்திலேயே நின்று பார்த்தார் என்பதை மறுத்தல் ஆகாது.

இன்றைய ஆய்வேடுகள் பலவற்றில் அதுவும் இல்லை. உடன்பாடு முதல் மறுப்பு வரை ஐந்து கட்டங்கள் வரைந்த வினாத்தாள். கைக்கெட்டிய அலுவலர் சிலரின் விடை. அதன்மேல் அடுக்கடுக்காய்ப் புள்ளியியல். முடிவில் கிடைப்பது, மனநிறைவுள்ள ஊழியர் நன்கு உழைப்பர் என்ற பேருண்மை! இதனை எந்தக் கங்காணியும் அறிவார். ஆயினும் உயர்ந்த தரவரிசை இதழில் அது வெளிவந்தால் பதவி உயர்வு கிட்டுகிறது. இதழின் மதிப்பெண்ணைக் கொண்டு ஆய்வின் தகுதியை அளத்தல் தகாது என 2012இல் சான் பிரான்சிஸ்கோவில் உருவான அறிக்கை வற்புறுத்தியும் பழக்கம் எளிதில் மாறவில்லை.

பயன்பட்ட ஆய்வு எத்தகையது என்பதற்கு மலாயாவிலேயே சான்று உண்டு. பேராசிரியர் உங்கு அசீஸ், புனிதப் பயணம் செல்ல விரும்பிய மலாய்க் கிராமத்தார் பணத்தை வீட்டிலேயே மறைத்துச் சேர்ப்பதையும் நிலத்தை விற்பதையும் கண்டு, 1959இல் ஒரு சேமிப்புத் திட்டத்தை முன்வைத்தார். அதிலிருந்தே தாபோங் ஹாஜி நிறுவனம் பிறந்தது. அவரே 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த தோட்டத் துண்டாடலையும் ஆராய்ந்தார். வெள்ளைக்காரர் விற்ற தோட்டங்களை வாங்கியோர் சிறு துண்டுகளாக்கி விற்க, தொழிலாளர் வேலையும் லயமும் இழந்த காலம் அது.

ஆனால், ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். துண்டாடலை ஆய்வுநூல் தடுத்து நிறுத்திவிடவில்லை. தொழிலாளர் சேமிப்பைத் திரட்டி 1960இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கமே தோட்டத்தை விலை கொடுத்து வாங்கிற்று. அதன் முதல் தோட்டமான புக்கிட் சீடிம், 1961இல் வாங்கப்பெற்றது, அதுவும் கெடாவில்தான். சீவியவரே பங்குதாரராகிய இந்நிருவாகத்தைவிடச் சிறந்த ஆய்வுப்பொருள் நிருவாகவியலார்க்கு எங்கே கிடைக்கும்? ரப்பர் மரத்துக்கு 1925 முதல் ஆராய்ச்சி நிலையம் உண்டு. தோட்டத் தமிழர் வாழ்வைக் கூர்ந்து நோக்கி 1970இல் நூல் வெளியிட்ட இரவீந்திர ஜெயினோ மானிடவியலார்!

இனி வரும் ஆய்வு வினாத்தாளை அஞ்சலில் அனுப்பிவிட்டுக் காத்திருத்தல் போதாது. தோட்டத்தார் பேச்சிலேயே வினவ வேண்டும். கண்டதை அவர்க்கே திரும்பச் சொல்ல வேண்டும். பால்மரம் செம்பனையாகி, லயத்துப் பிள்ளைகள் சுங்கை பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் பெயர்ந்தபின், பெரட்டில் கற்ற பணிவு அங்கே உயர்வுக்குத் துணையாயிற்றா தடையாயிற்றா என்பது தக்கதொரு வினா. திருக்குறளில் நிருவாகம் என மேடைதோறும் முழங்குவோரும், 'தெரிந்து வினையாடல்' அதிகாரத்தைக் கையில் கொண்டு ஒரு தொழிற்சாலைக்குள் நுழைந்து பார்க்கலாம்.

காலமும் குறுகி வருகிறது. புக்கிட் சீடிம் கைமாறியபோது இருபது வயதில் பால் வாளி தூக்கியவர்க்கு இன்று எண்பதுக்கு மேல்.