விருப்பாச்சியின் குருத்து

பண்ணைக்காட்டுச் சரிவுகளில் காபிச் செடிகளுக்கு நடுவே நிற்கும் விருப்பாச்சி வாழையில், பழத்தைவிடக் குருத்தைத்தான் நான் அதிகம் மெச்சுவேன். பழநிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்போன, ஈரம் குறைந்த பழம் அது. 1970-களில் முடிக்கொத்து நோய் கீழ்ப்பழநி மலையின் வாழைத் தோட்டங்களைச் சூறையாடியது. சாறு உறிஞ்சும் அசுவினிதான் அந்நோயின் வைரஸைச் செடிக்குச் செடி கடத்துகிறது. இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைத் தடங்கள் விழும். இலைகள் குறுகி விறைத்து உச்சியில் கொத்தாக நிற்கும். மருந்து கிடையாது. நோயுற்ற தாய்ச்செடியின் பக்கக்கன்றும் நோயோடே முளைக்கும். அந்தக் கன்றை நம்பித்தானே மலை விவசாயி தலைமுறையாக நட்டுவந்தார்!

கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வழியைக் குருத்திலேயே தேடினார்கள். வளர்நுனியின் மிகச் சிறிய திசுவை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை. உருப்பெருக்கியின் கீழ் அந்தக் கடுகளவு வெண்துளியை மட்டும் நசுங்காமல் அரிந்து, கண்ணாடிக் குப்பியில் வளர்த்து, வைரஸைக் கண்டறியும் எலிசா சோதனையில் தேறியதையே கன்றாக்குகிறார்கள். எத்தனை நிதானமான கை வேண்டும் அதற்கு!

ஆனாலும் சுத்தமான கன்றுக்கு நோய் எதிர்ப்பு இல்லை. அசுவினி வந்தால் மறுபடி தொற்றும். ஆகவே இலையை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தடம் தேடும் தோட்டக்காரரின் கண்ணும், கண்டதும் கிழங்கோடு தோண்டி அழிக்கும் துணிவும் ஆய்வகக் கத்திக்கு இணையானவை.