குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர்களில் நகையும் பெருமிதமும்: மெய்ப்பாட்டியல் நோக்கு

முன்னுரை

தொலைக்காட்சிக் கார்ட்டூன் தொடர்கள் குழந்தைக்கு எதைக் கற்பிக்கின்றன என்னும் வினாவை முதலில் எழுப்புவோர் பெற்றோரே ஆவர். ஹங்காமா தொலைக்காட்சியில் 2006 முதல் ஒளிபரப்பான ‘ஷின்-சான்’ தொடர், பெற்றோரின் முறையீடுகளை அடுத்து 2008இல் நிறுத்தப்பட்டது. 2009இல் திருத்தங்களுடன் மீண்டும் வந்தது. பெற்றோர் கூறும் குறை பெரும்பாலும் ‘பிள்ளை பார்த்ததையே செய்கிறது’ என்னும் அளவில் நின்றுவிடுகிறது. எனினும் அக்குறைக்குள் ஓர் இலக்கியச் சிக்கல் அடங்கியுள்ளது. எதைக் கண்டு சிரிக்கவும் எதைக் கண்டு பெருமிதம் கொள்ளவும் ஒரு தொடர் குழந்தையைப் பழக்குகிறது என்பதே அது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலின் துணைகொண்டு அதனை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். டாம் அண்டு ஜெர்ரி, டோரேமான், ஷின்-சான், சோட்டா பீம், டோரா ஆகிய ஐந்து தொடர்கள் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

நகையின் நிலைக்களன்

நகைக்கு எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களைத் தொல்காப்பியர் சுட்டுவர். ஷின்-சான், 1990இல் யோஷிடோ உசுய் என்பவரால் வளர்ந்தோர்க்குரிய ஜப்பானிய இதழொன்றில் படக்கதையாகத் தொடங்கப்பெற்றது. அதன் தலைமைப் பாத்திரமான ஐந்து வயதுச் சிறுவன் தாயின் உடலமைப்பைச் சொல்லிக் காட்டுகிறான். இளம்பெண்களிடம் பெரியவரைப்போல் பேசுகிறான். தன் சொல்லின் முழுப்பொருளை அவன் அறியான் என்பதை வளர்ந்தோர் உணர்வர். ஆதலின் அவர்களுக்குத் தோன்றும் நகை இளமையும் பேதைமையும் பற்றியதாகும்.

அதே காட்சியை ஐந்து வயதுக் குழந்தை காணும்போது நிலை மாறுகிறது. அக்குழந்தைக்கு ஷின்-சான் இளையவன் அல்லன், ஒத்த வயதினன். பிறர் இளமை கண்டு நகுவதற்கு வேண்டிய வயது இடைவெளி அதற்கு இல்லை. எனவே நகையின் நிலைக்களன் இளமையிலிருந்து எள்ளலுக்குப் பெயர்கிறது. எள்ளப்படுபவளாகத் தாய் அமைகிறாள். காட்சி மாறவில்லை, காண்போர் மாறியதால் மெய்ப்பாட்டின் நிலைக்களனே மாறிவிட்டது. பெற்றோர் ‘மரியாதைக் குறைவு’ என்று சுட்டுவது இம்மாற்றத்தையே எனலாம்.

எள்ளலைத் தான் பிறரை எள்ளி நகுதல், பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தான் நகுதல் என இருவகையாக்குவார் உரையாசிரியர் பேராசிரியர். பின்னது தன்னைத் தானே கண்டு சிரிக்கும் பக்குவத்தைக் காட்டுவது. சோட்டா பீம் தொடரில் முன்னதே மிகுதி. பீமன்மீது பொறாமை கொண்ட காலியா கதைதோறும் தோற்று நகைக்கு இலக்காகிறான். அவனது பெயரே கருமையைக் குறிக்கும் இந்திச் சொல்லின் அடியாகப் பிறந்தது. தீய குணத்திற்குரியவனை நிறத்தால் பெயரிடுவது, குணத்தையும் உடலையும் ஒன்றாகக் காணக் குழந்தையைப் பழக்கும். அடிதடிக் காட்சிகளைக் குறித்துக் கவலையுறும் பெற்றோர் இப்பெயரைக் குறித்தும் வினவுதல் வேண்டும்.

அழுகையில்லாத வன்முறை

ஹன்னா, பார்பெரா ஆகிய இருவரின் படைப்பாக 1940இல் தோன்றிய டாம் அண்டு ஜெர்ரி, திரையரங்கப் பார்வையாளர்க்கான குறும்படமாகத் தொடங்கிப் பின்னரே தொலைக்காட்சிக்கு வந்தது. அதன் வன்முறை பலராலும் கண்டிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அடியின் எண்ணிக்கையைவிட அடியின் விளைவு கருதத்தக்கது. நசுங்கிய பூனை அடுத்த காட்சியில் முழு உருவோடு எழுகிறது. இளிவு, இழவு, அசைவு, வறுமை என்னும் நான்கும் அழுகைக்கு நிலைக்களன்களாவன. இழவே நிலைக்காத உலகில் அழுகைக்கு இடமில்லை. துன்பத்தை நகையாக மட்டுமே காணும் பழக்கம் இங்கு உருவாகக்கூடும்.

பெருமிதத்தின் குறுக்கம்

கல்வி, தறுகண், இசைமை, கொடை என்னும் நான்கும் பெருமிதத்தின் நிலைக்களன்கள். இவற்றுள் கல்வி முதலில் வைக்கப்பட்டுள்ளமை நோக்கத்தக்கது. ஐதராபாத்தில் ராஜீவ் சிலகா தொடங்கிய கிரீன் கோல்டு நிறுவனத்தின் சோட்டா பீம், 2008 முதல் போகோ தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி வருகிறது. லட்டு உண்டதும் பீமனுக்கு வலிமை பெருகுகிறது. அவ்வலிமையால் சிக்கல் தீர்கிறது. நண்பர்க்கும் ஊர்க்கும் உதவும் பண்பு அவனிடம் உண்டெனினும், கதையின் முடிவைத் தறுகணே தீர்மானிக்கிறது.

2007இல் தொடங்கப்பெற்ற சுட்டி டிவியில் ‘டோராவின் பயணங்கள்’ என்னும் பெயரில் தமிழ் பேசிய டோரா இதற்கு மாறானவள். வரைபடத்தைக் கேட்டு வழியறிதல், எண்ணுதல், பார்க்கும் குழந்தையிடம் வினவி விடைக்குக் காத்திருத்தல் ஆகியன அவளது வெற்றிக்கு வழிகள். இங்குப் பெருமிதம் கல்வி பற்றியது.

டோரேமானைக் குறித்த குறை மறுஆய்வுக்குரியது. உழைப்பின்றிக் கருவியால் எல்லாம் பெறலாம் என்று அத்தொடர் கற்பிப்பதாகச் சொல்லப்படுகிறது. ஆனால் நோபிதா அக்கருவியை அளவுமீறிப் பயன்படுத்தித் தானே இடருறுவதாகப் பல கதைகள் முடிகின்றன. குறுக்குவழியைக் காட்டி அதன் தோல்வியையும் காட்டும் கதையை முழுமையாகக் கண்டே மதிப்பிடுதல் முறையாகும்.

விதியும் அதன் எல்லையும்

1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள், குழந்தை நிகழ்ச்சிகளில் தகாத மொழியும் வெளிப்படையான வன்முறையும் இடம்பெறாதவாறு கவனம் கொள்ளப் பணிக்கின்றன. இவ்விதி சொல்லையும் காட்சியையும் கட்டுப்படுத்த வல்லது. நகையின் நிலைக்களனைக் கட்டுப்படுத்த வல்லதன்று. சில காட்சிகளை வெட்டிய பின்னும் தாயை எள்ளும் கதையமைப்பு எஞ்சி நிற்கும்.

முடிவுரை

பெற்றோரின் கவலை நகைப்பிற்குரியதன்று. அது முழுமை பெறாத திறனாய்வு எனலாம். ‘இதில் அடிதடி உண்டா’ என்னும் வினாவோடு, ‘இதில் யாரைக் கண்டு சிரிக்கிறோம், எதனால் ஒருவன் உயர்ந்தவனாகிறான், அடிபட்டவர்க்காக யாரேனும் வருந்துகின்றனரா’ என்னும் மூன்று வினாக்களும் சேருமாயின் அக்கவலை தெளிவுபெறும். இவற்றைக் குழந்தையின் அருகிலமர்ந்து அதனிடமே கேட்கவும் இயலும். தடையால் இது இயலாது.

இக்கட்டுரை பனுவலின் அமைப்பை மட்டுமே ஆராய்ந்தது. குழந்தை உண்மையில் எதை உளங்கொள்கிறது என்பதைக் கள ஆய்வே உறுதிசெய்யும். இத்தொடர்களின் தமிழ் ஒலிவடிவ உரையாடல், எள்ளலை எங்கு மிகுத்தும் எங்குத் தணித்தும் பெயர்க்கிறது என்பதும் தனியே ஆராய்தற்குரியது. குழந்தை எழுத்தறியுமுன் எதிர்கொள்ளும் தமிழ்ப் பனுவல்களுள் ஒன்று அதுவாகும். தமிழ்த்துறைகள் அதனைப் புறக்கணித்தல் தகாது.