மணிலாலின் காய்ச்சல்

1902-இல் காந்தியின் குடும்பம் மும்பையில் இருந்தபோது, இரண்டாவது மகன் மணிலால் படுத்த படுக்கையானான். பத்து வயதுப் பையன். டைபாய்டு, கூடவே நிமோனியா, இரவில் பிதற்றினான். பார்க்க வந்த பார்சி டாக்டர், மருந்தால் பெரிய பலன் இருக்காது, முட்டையும் கோழிச்சாறும் கொடுங்கள் என்றார். காந்தி மறுத்துவிட்டார். ஜெர்மானிய இயற்கைச் சிகிச்சையாளர் லூயி கூனே எழுதியிருந்தபடி மூன்று நிமிடத்துக்கு மிகாமல் இடுப்புக் குளியல், மூன்று நாள் தண்ணீர் கலந்த ஆரஞ்சுச் சாறு. காய்ச்சல் 104 டிகிரியை விட்டு இறங்கவில்லை. ஓர் இரவு, நனைத்துப் பிழிந்த துணியை மகனின் உடம்பில் சுற்றி, மேலே கம்பளி போர்த்தி, தலையில் ஈரத்துண்டு வைத்து, கஸ்தூர்பாவிடம் ஒப்படைத்துவிட்டுச் சௌபாத்திப் பக்கம் நடக்கப் போனார். திரும்பி வந்தபோது பையனுக்கு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. காய்ச்சல் தணிந்தது.

மகன் பிழைத்தது கடவுள் அருளாலா, நீர்ச் சிகிச்சையாலா, கவனமான பணிவிடையாலா என்ற கேள்வியைக் காந்தி தம் சுயசரிதையில் அவரவர் நம்பிக்கைக்கே விட்டார். அவர் வழியில் வந்தவர்களில் பலருக்கு அந்தத் தயக்கம் இல்லை. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் வருவதற்கு முன்பும் டைபாய்டு கண்ட பத்துப் பேரில் எட்டு, ஒன்பது பேர் பிழைத்துக்கொண்டார்கள். ஈரத்துணி சுற்றியிருந்தாலும் இல்லாவிட்டாலும் மணிலால் பிழைத்திருக்கும் வாய்ப்பே அதிகம். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காந்தி அன்று ஒதுக்கியது மருந்தை அல்ல, கோழிச்சாற்றை. டைபாய்டுக்கு அன்று மருந்தே கிடையாது. ஓய்வும் நீர்த்த உணவும் கண் விழித்த பணிவிடையும்தான் மருத்துவத்தின் உச்சம். அதை அந்தத் தகப்பன் குறைவின்றிச் செய்தார்.

இயற்கை மருத்துவம் வளர்ந்த காலமே அப்படி மருந்தில்லாத காலம்தான். கூனே முறையான மருத்துவப் படிப்பு இல்லாதவர். 1883-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் தம் சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். உடலில் தேங்கும் அந்நியப் பொருளே நோய், ஆகவே நோய்கள் எல்லாம் ஒன்றே, அவற்றுக்கான சிகிச்சையும் ஒன்றே என்பது அவர் கொள்கை. அதற்கு முந்தைய ஆண்டுதான் அதே ஜெர்மனியில் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்திருந்தார். ஒரு நோய்க்கு ஒரு தனிக் காரணம் உண்டு என்று நிரூபணமான வேளையில், எல்லாம் ஒன்றே என்ற கொள்கை கடை விரித்தது. நூற்றாண்டு கடந்தும் நம் ஊர் இயற்கை மருத்துவக் கையேடுகள் அதைத்தான் முதல் கோட்பாடாக அச்சிடுகின்றன: கழிவின் தேக்கமே நோய், கழிவின் வெளியேற்றமே குணம்.

இந்த மருத்துவத்தின் செயல்முறை அதன் கோட்பாட்டைவிட மேலானது என்பதே என் கணிப்பு. ஒரு நல்ல இயற்கை மருத்துவர் நோயாளியை எதிரில் உட்கார வைத்து அரை மணி நேரம் கேட்கிறார். எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறாய், எப்போது தூங்குகிறாய், வீட்டில் என்ன கவலை என்கிறார். புறநோயாளிப் பிரிவில் இரண்டு நிமிடம் கிடைப்பதே அரிதான நாட்டில் இது சின்ன விஷயம் அல்ல. மருத்துவர் ஆசிரியராக இருக்க வேண்டும், நோயை அல்ல நோயாளியைப் பார்க்க வேண்டும், வருமுன் காக்க வேண்டும் என்கிற நெறிகளை எந்த மருத்துவமும் வெட்கமின்றிக் கடன் வாங்கலாம்.

உணவால் நோயைக் கட்டுப்படுத்துவதை நவீன மருத்துவமும் சோதித்துப் பார்த்திருக்கிறது. பிரிட்டனில் 306 சர்க்கரை நோயாளிகளைக் கொண்டு நடந்த ‘டைரக்ட்’ ஆய்வு 2017-இல் வெளியானது. உணவு மாற்றப் பிரிவினர் சில மாதங்களுக்குத் தினமும் சுமார் 850 கலோரி மட்டுமே எடுத்து எடையைக் குறைத்தார்கள். ஓராண்டு முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினருக்கு மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 4 விழுக்காடுதான். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று 2023-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு மதிப்பிட்டது. உணவே மருந்து என்பவர்கள் நெஞ்சு நிமிர்த்தலாம். ஆனால் அந்த 46 விழுக்காடு நமக்குத் தெரிய வந்தது எப்படி? ஒப்பிட இன்னொரு பிரிவு இருந்தது. பலன் கிடைக்காத மற்ற 54 விழுக்காட்டினரையும் எண்ணினார்கள். மாத்திரையை மருத்துவக் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். நம் முகாம்களில் குணமானவர் மேடை ஏறுகிறார். குணமாகாதவர் ஊருக்குப் பஸ் ஏறிவிடுகிறார். அவரை எண்ணுவார் இல்லை.

அதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. சாறு மட்டும் குடித்து மூன்றாம் நாள் தலை சுற்றினால், வாந்தி வந்தால், காய்ச்சல் ஏறினால், “கழிவு வெளியேறுகிறது, பயப்படாதீர்கள்” என்கிறார்கள். தேறினாலும் வெற்றி, மோசமானாலும் வெற்றி. தவறே செய்ய முடியாதபடி கட்டப்பட்ட கோட்பாடு தன் தவறிலிருந்து கற்கவும் முடியாது. வாழைத்தண்டுச் சாறும் மண்பட்டியும் யாரையும் கொல்லப் போவதில்லை. ஆனால் இன்சுலினையே நம்பி உயிர் வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயுள்ள குழந்தைக்கு இன்சுலினை நிறுத்தினால், சில நாட்களில் உயிருக்கே ஆபத்து. அதற்கு முன் வருவதும் இதே வாந்தியும் சோர்வும்தான். தீங்கு செய்யாதே என்பதை முதல் விதியாகச் சொல்லும் மருத்துவம், தீங்கின் அறிகுறியைக் குணத்தின் அறிகுறி என்று பெயர் மாற்றுவதை நான் மன்னிக்கத் தயாராக இல்லை.

காந்தியின் வாழ்விலேயே இயற்கை மருத்துவத்தின் எல்லை தெரிகிறது. 1924 ஜனவரியில், எரவாடாச் சிறைக் கைதியாக இருந்த அவருக்குக் குடல்வால் அழற்சி வந்தபோது, புனே சசூன் மருத்துவமனையில் கர்னல் மடாக்கின் கத்திக்கு உடன்பட்டார். 1944 பிப்ரவரியில் ஆகாகான் மாளிகைக் காவலில் கஸ்தூர்பா இறந்துகொண்டிருந்தபோது, மகன் தேவதாஸ் வரவழைத்த பெனிசிலின் ஊசியைப் போட வேண்டாம் என்றார். கஸ்தூர்பா மாதக்கணக்கில் இதய நோயால் நலிந்திருந்தவர். ஊசி அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அது 1902 அல்ல. இந்த முறை அவர் மறுத்தது கோழிச்சாற்றை அல்ல.

சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. பயிற்சிக் காலத்தையும் சேர்த்து ஐந்தரை ஆண்டுப் படிப்பு. உடற்கூறும் நோய்க்கூறும் கற்றுத்தான் பட்டம் வாங்குகிறார்கள். வார இறுதி வகுப்பில் சான்றிதழ் வாங்கியவரும் அதே பலகையை மாட்டிக்கொள்ளலாம் என்றால் அந்தப் படிப்புக்கு என்ன மதிப்பு? இந்திய மருத்துவ முறைகளுக்கான 2020-ஆம் ஆண்டுத் தேசிய ஆணையச் சட்டம் ஆயுர்வேதம், சித்தா, யுனானி, சோவா-ரிக்பா ஆகியவற்றை உள்ளே சேர்த்தது. இயற்கை மருத்துவத்தை வெளியே விட்டது. அதையும் சட்டத்துக்குள் கொண்டுவரப் பட்டம் பெற்றவர்கள்தான் முதலில் குரல் கொடுக்க வேண்டும். அந்தக் குரலோடு, தங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலிருந்து ‘எல்லா நோயும் ஒன்றே’ என்ற வரியை அடித்துவிட்டு, எந்தெந்த மருந்தை எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக் கூடாது என்ற பட்டியலை அந்த இடத்தில் அச்சிட வேண்டும்.