கேட்ட வழியும் கண்ட வழியும்

ரௌட்டர்கள் தமக்குள் வழி சொல்லிக்கொள்வதில் மூன்று மரபுகள் உண்டு. மூன்றும் பிரிவது ஒரே கேள்வியில்: பக்கத்து ரௌட்டர் பேச்சை எவ்வளவு நம்புவது?

மூத்த மரபின் பிரதிநிதி ரிப். 1988-இல் ஆர்எஃப்சி 1058 என்ற இணையத் தர ஆவணம் ஆனது. 30 நொடிக்கு ஒருமுறை தன் வழிப்பட்டியல் முழுவதையும் அண்டையிடம் ஒப்பிக்கும். ரௌட்டர் விட்டு ரௌட்டர் எத்தனை தாவல் என்பது மட்டுமே கணக்கு. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலை, நாலுமுக்கு என மலையேறும் ஒற்றைப் பாதையில் ஊருக்கொரு ரௌட்டர் வைத்துப் பாருங்கள். மணிமுத்தாறுக்கு மாஞ்சோலையின் கணக்கு 1, நாலுமுக்கின் கணக்கு 2. அடிவாரத்தில் கேபிள் அறுகிறது. மாஞ்சோலை அதைச் சொல்வதற்குள் நாலுமுக்கு, ‘எனக்கு 2-இல் வழி இருக்கிறது’ என்கிறது. அந்த வழி தன்னைத் தாண்டித்தான் போகிறது என்பது மாஞ்சோலைக்குத் தெரியாது. 3 என்று எழுதிக்கொள்கிறது. அதைக் கேட்டு நாலுமுக்கு 4, மாஞ்சோலை 5... இல்லாத வழிக்கு எண் ஏறிக்கொண்டே போகும். 16 வந்தால் வழியில்லை என்று வரம்பு கட்டியதும், யாரிடம் கேட்டாயோ அவரிடமே திருப்பிச் சொல்லாதே என்று ‘ஸ்பிளிட் ஹொரைசன்’ விதி வைத்ததும் இதனால்தான்.

இரண்டாவதான ஓஎஸ்பிஎஃப், ஐஎஸ்-ஐஎஸ் மரபில் கேள்விப்பட்ட பேச்சுக்கு இடமில்லை. ஒவ்வொரு ரௌட்டரும் தன் இணைப்புகளை மட்டும் அறிவிக்கும். அறிவிப்பு மாறாமல் எல்லோருக்கும் போகும். வரைபடம் முழுதும் கையில் வந்தபின், டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்ட முறைப்படி அவரவர் வழியை அவரவரே கணக்கிடலாம். ஒரே நிறுவனத்துக்குள் இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை என்பது என் கட்சி.

நிறுவனங்களுக்கிடையே பிஜிபிதான். கிர்க் லாஹீடும் யாக்கோவ் ரெக்டரும் 1989-இல் சாப்பாட்டு மேசைக் காகிதத் துண்டுகளில் வரைந்தது. நடப்புத் தரம் 2006-இன் ஆர்எஃப்சி 4271. பட்டியலை முதலில் ஒருமுறை கொடுத்துவிட்டு, பிறகு மாற்றங்களை மட்டும் சொல்லும். கடந்துவந்த நிறுவன எண்கள் வழியோடு சேர்ந்தே வரும்; தன் எண் அதில் இருந்தால் தள்ளிவிடும். அதனால் மாஞ்சோலைச் சுழல் இங்கே இல்லை. ஆனால் முகவரி யாருடையது என்று பிஜிபி கேட்பதில்லை. 2008 பிப்ரவரி 24-இல் யூடியூபை உள்நாட்டில் முடக்க பாகிஸ்தான் டெலிகாம் போட்ட வழி வெளியே கசிந்தது. அதன் மேல்நிலை நிறுவனமான பிசிசிடபிள்யூ வடிகட்டாமல் உலகுக்கு அனுப்பியது. யூடியூப் சுமார் 2 மணி நேரம் படுத்தது. நம்மூரிலும், 2021 ஏப்ரல் 16-இல் வோடஃபோன் ஐடியா பிறருடைய 30,000-க்கும் மேற்பட்ட முகவரித் தொகுதிகளைத் தன்னுடையவை என்று அறிவித்துவிட்டது.

இதற்கு மருந்து ஆர்பிகேஐ: முகவரிக்கு உரியவர் கையொப்பமிட்டு வைப்பார், மற்றவர்கள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அதுவும் தொடக்கத்தைத்தான் சோதிக்கும், இடைவழியை அல்ல. பாதை முழுவதையும் சரிபார்க்கும் பிஜிபிசெக் 2017-இல் வந்தும், வழியிலுள்ள அத்தனை நிறுவனங்களும் சேர்ந்தால்தான் பலன் என்பதால், அதை இயக்குபவர்கள் அரிது.