கீபோர்டு வீணையும் அதன் முதல் கணமும்

சென்ற ஆண்டு ராஷ்பிஹாரி அவென்யூ பக்கம் நம்மவர் விழா ஒன்று. சங்கீதம் தெரிந்த ஓர் இளைஞர் கீபோர்டில் 'வீணை' என்ற குரலைத் தட்டிவிட்டு மோகனம் வாசித்தார். சுருதி சுத்தம், தாளமும் சுத்தம். ஆனாலும் பத்து நிமிஷத்தில் எனக்குத் தலை கனத்துவிட்டது. தகரக் கூரையில் ஆலங்கட்டி விழுகிற மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்த நண்பர், "கீபோர்டில் கமகம் வராதுங்க, அதான்" என்றார். எல்லாரும் சொல்கிற பதில் அது. அது பாதிதான் சரி என்பது என் கட்சி.

கமகம் வராது என்ற புகார் இந்த ஊருக்குப் பழசு. கைத்துருத்தி ஆர்மோனியத்தை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்த துவாரகாநாத் கோஷின் துவார்கின் கம்பெனி இந்த ஊரில்தான் இருந்தது. அதே ஊர் ரவீந்திரநாதருக்கு ஆர்மோனியம் ஆகவே ஆகாது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் அது ஓரளவு தளர்ந்தது. அன்றைய வாதமெல்லாம் இரண்டு சுரங்களுக்கு நடுவில் உள்ள இடத்தைப் பற்றியது. இன்றைய கீபோர்டில் அந்த இடத்துக்கு ஒரு சக்கரம் வைத்துவிட்டார்கள். சென்னை கே. சத்யநாராயணன் அந்தச் சக்கரத்தை இடக்கையால் உருட்டிக் கர்நாடக ராகங்களை வாசிப்பதைக் கேட்டவர்கள், கீபோர்டில் கமகமே வராது என்று இனிச் சொல்ல முடியாது. அப்படியானால் எங்கே இடிக்கிறது? சுரம் பிறக்கிற கணத்தில்.

நான் பாத்திர வியாபாரி. முர்ஷிதாபாத் காக்ராவின் கான்சாத் தட்டும் நம் கும்பகோணத்துப் பித்தளையும் நாற்பது வருஷமாகக் கையில் புரள்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலும் கான்சாவா, பித்தளையா, எவர்சில்வரா என்று முதல் ஓசையிலேயே சொல்லிவிடுவேன். பின்னால் வருகிற கார்வை பிறகுதான். காது ஒரு பொருளை அடையாளம் காண்பது பெரும்பாலும் தொடக்கத்தில்தான். 1948-ல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷாஃபர் என்பவர் மணியோசையைப் பதிவு செய்து, அடி விழுகிற தொடக்கத்தை மட்டும் நீக்கிப் போட்டுப் பார்த்தார். மிச்சம் இருந்தது மணியாகவே இல்லை, ஊதுகருவி போலக் கேட்டது. இந்த ரகசியத்தை வியாபாரமாக்கியது ஜப்பான்காரர்கள். ரோலண்ட் கம்பெனி 1987-ல் விட்ட டி-50 கருவியில் அசல் வாத்தியத்தின் தொடக்கத் துணுக்கை மட்டும் பதிவிலிருந்து எடுத்து, நீளும் பகுதியை மின்சாரத்தால் செய்து ஒட்டினார்கள். அந்நாளில் நினைவகம் விலை அதிகம். முதல் துணுக்கு அசலாக இருந்தால் காது மீதியை மன்னித்துவிடும் என்பது அவர்கள் கணக்கு, கணக்கு பலித்தது.

இந்தத் தொடக்கத்தை ஆங்கிலத்தில் அட்டாக் என்கிறார்கள். 'எடுப்பு' என்று தமிழாக்க எனக்கு ஆசைதான், ஆனால் தாளத்தில் எடுப்பு என்பது வேறு விஷயம். ஆகவே 'தாக்கு' என்றே வைத்துக்கொள்கிறேன். ஓசை பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏற எடுத்துக்கொள்ளும் நேரமே தாக்கு நேரம். வீணைக்கு அது கண் இமைப்பதைவிடக் குறைவு, வில் போட்ட வயலினுக்குக் கூடுதல்.

இனி அந்த மோகனத்துக்கு வருவோம். வீணையில் வலக்கை ஒருமுறை மீட்டினால், அந்த ஒரே மீட்டில் இடக்கை இரண்டு மூன்று சுரங்களை இழுத்தோ வழுக்கியோ பிடித்துவிடும். ஆக, எல்லாச் சுரத்துக்கும் மீட்டு கிடையாது. கீபோர்டிலோ ஒவ்வொரு கட்டையை அழுத்தும்போதும் பதிவு செய்த மீட்டொலி முதலிலிருந்து ஓடுகிறது. ஐந்து சுரத்துக்கு ஐந்து மீட்டு. அதுவும் ஒரே மீட்டு, அச்சு பிசகாமல்! ஆலங்கட்டி வந்த வழி இதுதான்.

இங்கே பழசு கொஞ்சம் பேச அனுமதி வேண்டும். சிந்தாமணியில் காந்தருவதத்தையின் இசைப்போட்டியில் சீவகன் தந்த யாழையெல்லாம் வாங்கிப் பார்த்து, இது நீரில் கிடந்து அழுகிய மரம், இது வெந்த மரம், நரம்பில் மயிர் இருக்கிறது என்று குற்றம் கண்டு ஒதுக்குகிறான். கருவியைச் சோதிக்காமல் வாசிக்கக் கூடாது என்பது அதில் உள்ள சேதி. கீபோர்டுக்காரர்கள் எத்தனை பேர் அந்த 'வீணை'க் குரலைச் சோதிக்கிறார்கள்? சிலப்பதிகாரம் கானல்வரியில் இன்னும் நுட்பம். மாதவி யாழைத் திருத்திக் கோவலன் கையில் கொடுக்கும் இடத்தில், நரம்பில் விரல் செய்யும் தொழில்களுக்கு எட்டுப் பெயர் வருகிறது. சுட்டுவிரலால் செய்வது வார்தல், சுட்டுவிரலும் பெருவிரலும் கூடிச் செய்வது வடித்தல், இப்படி. யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம். வில் போல் வளைந்த கருவி, மெட்டு கிடையாது. விபுலானந்த அடிகள் 1947-ல் வெளியிட்ட யாழ்நூலைப் புரட்டினால் இது விளங்கும். அப்படிப் பார்த்தால் ஒரு கட்டைக்கு ஒரு சுரம் வைத்த கீபோர்டு வீணைக்குத் தூரத்து உறவு, யாழுக்குத்தான் பங்காளி! யாழ்க்காரன் நரம்பைத் தொடும் விதத்தையே எட்டாகப் பிரித்து வைத்தான். நம் இளைஞர் கையில் இருந்ததோ ஒன்றே ஒன்று.

அவருக்கு வழி இல்லையா என்றால், இருக்கிறது. ஒரு வழி, ஒரு சுரம் விடுபடுமுன் அடுத்த கட்டையை அழுத்தினால் மீட்டொலி திரும்ப ஓடாமல் சுருதி மட்டும் மாறும்படி வைத்துக்கொள்வது. லெகாட்டோ என்று பெயர். இன்னொன்று, அழுத்தும் வேகத்தோடு தாக்கு நேரத்தை இணைப்பது. ஓங்கித் தட்டினால் மீட்டு தெறிக்கும். மெதுவாகத் தொட்டால் ஓசை இருபது முப்பது மில்லிசெகண்ட் தாமதித்து ஏறும், மீட்டின் 'டக்' அதற்குள் மறைந்துபோகும். எல்லாக் கருவியிலும் இரண்டும் இருக்காது. ஆனால் மிடி என்ற பொது மொழியில் 73 என்ற எண் தாக்கு நேரத்துக்கு, 72 விடு நேரத்துக்கு என்று ஒதுக்கியிருக்கிறார்கள். சாதாரண வீட்டுக் கீபோர்டுகள் பலவும் அதற்குக் கட்டுப்படும்.

நாதஸ்வரக் கதை வேறு. 1991-ல் வகுத்த பொதுப் பட்டியலின் 128 குரல்களில் 105 சிதார், 112 ஷெனாய். வீணையும் இல்லை, நாதஸ்வரமும் இல்லை. கொல்கத்தாக் கல்யாணத்துக்கு ஊரிலிருந்து மேளம் கூட்டிவர எத்தனை வீட்டால் முடிகிறது? ஷெனாய்க் குரலிலேயே தாலி ஏறிவிடுகிறது. அதற்கு மீட்டு கிடையாது, மூச்சும் நாக்கும்தான். சிலர் இனிமைக்காகத் தாக்கு நேரத்தை ஏற்றிவிடுகிறார்கள். வேகமான பிருகாவில் ஓசை ஏறுமுன்பே விரல் எழுந்துவிடுவதால் பாதிச் சுரம் விழுங்கப்படுகிறது. கெட்டிமேளத்தில் யாருக்குக் கேட்கப்போகிறது என்பது அவர்கள் தைரியம்.

பதிவொலி எதுவும் இல்லாமலே காதை ஏமாற்றிய கதையும் உண்டு. ஹேமந்த முகர்ஜி இசையமைத்த 1954-ஆம் வருஷத்து 'நாகின்' படத்தின் மகுடியை எத்தனை கோடிப் பேர் அசல் மகுடி என்று நம்பினார்கள்! கல்யாண்ஜி வாசித்த கிளாவியோலின் அது, கட்டைகள் உள்ள சிறு மின்கருவி. முழங்காலால் ஒரு நெம்புகோலைத் தள்ளி ஓசையை ஏற்றி இறக்கலாம். மகுடிக்காரன் கன்னத்தில் காற்றை அடக்கி இடைவிடாமல் ஊதுகிறவன்; சுரத்துக்குச் சுரம் புதுத் தொடக்கம் அங்கே கிடையாது. கல்யாண்ஜி சரியான வாத்தியமாகப் பார்த்துப் பாவனை செய்தார் என்பேன்.

இதெல்லாம் கிழவனின் வீண் வம்பு என்று நினைப்பீர்கள். எங்கள் பேத்தி இங்கேயே பிறந்தவள். இரண்டு வருஷம் முன்பு வந்தவாசியில் உறவினர் வீட்டில் முதல்முறை அசல் வீணை கேட்டாள். "தாத்தா, அந்த அத்தை சில சுரத்தைத் தட்டாமலே விட்டுடறாங்களே?" என்றாள். அவள் காதுக்குக் கீபோர்டு அசலாகி, வீணை தப்பாகிவிட்டது. எனக்குத் தூக்கம் போயிற்று.

போன மாதம் பரீட்சை முடிந்ததும் இருவரும் உட்கார்ந்து 73-ஐத் திருகினோம். எங்கள் கருவியில் 64 நடு. 70-ல் மீட்டு கொஞ்சம் அடங்கியது. 80-க்கு ஏற்றினேன். "இது தூங்குது தாத்தா" என்றாள். 70-லேயே வைத்து, முதல் சுரத்தை மட்டும் ஓங்கித் தட்டச் சொன்னேன். மூன்றாம் தடவை வாசிக்கும்போது சமையலறையிலிருந்து அவள் பாட்டி, "யாரு, ரேடியோவா?" என்றாள்.