நாளை தெரியாத நாவல்

வரலாற்று நாவல் எழுத உட்காருபவருக்கு முதல் இடைஞ்சலே முடிவு முன்பே தெரிந்திருப்பதுதான். புதுச்சேரியின் பிரெஞ்சு குவர்னர் டூப்ளே 1754இல் பதவி இழந்து ஊர் திரும்புவார் என்பது எழுத்தாளருக்கும் தெரியும், வாசகருக்கும் தெரியும். கதைக்குள் நடமாடுகிற டூப்ளேவுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டால் நாவலின் பாதித் திட்டம் முடிந்த மாதிரி. ‘பொன்னியின் செல்வ’னில் கல்கி குடந்தை சோதிடரையும் வால்நட்சத்திரத்தையும் கொண்டு, வரப்போவதை நம் காதில் போட்டுவைத்தார், அந்த எதிர்பார்ப்பு ஐந்து பாகங்களையும் இழுத்துச் செல்கிறது. புதுச்சேரிக்காரரான பிரபஞ்சன், பதினெட்டாம் நூற்றாண்டுப் புதுச்சேரியைச் சொல்லும் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ இரண்டையும், விடிந்தால் என்ன நடக்கும் என்று அறியாதவர்களின் உலகமாக அமைத்தார். கட்டமைப்பில் இது பெரிய துணிச்சல் என்பது என் எண்ணம்.

அந்தத் துணிச்சலுக்கு மூலம், பிரெஞ்சுக்காரர்களிடம் துபாசியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. நள வருஷம் ஆவணி மாதம், அதாவது 1736 செப்டம்பரில், தொடங்குகிறது அது. வந்த கப்பல், கொடுத்த வெகுமானம், குவர்னர் சொன்ன சொல், அதற்குத் தான் சொன்ன மறுசொல் எல்லாம் பேச்சுத் தமிழில் அன்றன்றைக்குப் பதிவாகின்றன. நாளும் கோளும் பார்த்தே காரியம் செய்த பிள்ளைக்கும் நாளை தெரியாது. 1748 செப்டம்பரில், பாஸ்காவென் தலைமையில் ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்தபோது, சம்பா கோயில் என்ற மாதா கோயிலை ஒட்டியிருந்த வேதபுரீசுவரர் கோயில் பிரெஞ்சுக்காரர்களால் இடிக்கப்பட்டது. அதைப் பற்றிய குறிப்புகளில் துயரமும் இருக்கிறது, சாதித் தலைவர்கள் ஒன்றுபட்டு நிற்கவில்லையே என்ற எரிச்சலும் இருக்கிறது. அடுத்த மாதமே முற்றுகை விலகிவிடும் என்ற ஆறுதல் மட்டும் இல்லை. கோயிலை இடித்த பாவம்தான் டூப்ளேவைப் பின்னால் வீழ்த்தியது என்று ஒருவர் முடிச்சுப் போட்டால் கதை கச்சிதமாகும், மனிதர்கள் பொம்மையாவார்கள். அப்படி முடிச்சுப் போடும் ஆசையை நாட்குறிப்பின் நடையே தடுத்துவிடுகிறது.

நாட்குறிப்பே இவ்வளவு உயிரோடு இருக்கும்போது நாவல் எதற்கு என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. ஆனால் பிள்ளை துபாசி. அவர் நின்ற இடத்திலிருந்து தெரிந்ததைத்தான் அவரால் எழுத முடிந்தது. 1743 ஜூனில் அடிமை வியாபாரத்தைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. ஏமாற்றிப் பிடித்த ஆட்களைத் தலை மழித்து, கறுப்புத் துணி கட்டவைத்து, அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் அடைத்துக் கப்பலேற்றிய சங்கதி. பிடித்தவன் யார், விசாரணை எப்படி நடந்தது என்பதெல்லாம் பிள்ளைக்குத் தெரியும். அந்த வீட்டின் இருட்டுக்குள் உட்கார்ந்திருந்தவர் என்ன நினைத்தார் என்பது அவர் ஏட்டில் ஏற வழியில்லை. நாவலாசிரியரின் வேலை அங்கே தொடங்குகிறது. தேதியை அப்படியே வைத்துக்கொண்டு பார்க்கிற கண்ணை மாற்றுவது. பிரபஞ்சன் குவர்னர் மாளிகையில் நின்றுவிடாமல் தாசிகளிடமும் சாதாரண ஜனங்களிடமும் போனது இரக்கத்தால் மட்டும் என்று சொல்லிவிட முடியாது. மூல ஆவணத்தின் எல்லையைச் சரியாக அளந்த ஒருவரின் திட்டம் அது.

பிரபஞ்சனின் இந்த நாவல்கள்மீது சொல்லப்படும் ஒரு குறை, கதைப்பின்னல் தளர்ச்சி. சம்பவங்கள் தனித்தனியாக நிற்கின்றன, ஒன்று மற்றொன்றுக்குக் கொண்டுபோய் விடவில்லை என்பார்கள். ஓரளவுக்கு ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். சந்தா சாகிப், அன்வருத்தீன், முசாபர் ஜங் என்று நவாபு அரசியல் திரளும் கட்டங்களில் யார் யாருக்குப் பகை என்பதைப் பிடிக்க வாசகர் திணறக்கூடும். ஆனால் பின்னலை இறுக்கியிருந்தால் ஒவ்வொரு பாத்திரமும் தன் முடிவை நோக்கியே நடந்திருக்கும். தளர்த்திவிட்டதால்தான் ஓர் அத்தியாயம் முழுக்க ஒருவர் பேரம் பேசவும், பயப்படவும், வீண் பெருமை கொள்ளவும் இடம் கிடைக்கிறது. மொழியிலும் இதே கணக்கு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழை அப்படியே பேசவைத்தால் நமக்குப் புரியாது, இன்றைய தமிழில் பேசவைத்தால் காலம் கரைந்துவிடும். குவர்னர், துபாசி, கும்பினி மாதிரியான சில சொற்களை மட்டும் பழைய ஒலியோடு விட்டு, வாக்கியத்தை நம் காதுக்கு இசைவாக ஓடவிடுவது நல்ல வழி. அகராதி தேடாமலே அந்தச் சொற்களின் பொருள், பேசுகிறவரின் பணிவிலும் அதட்டலிலும் விளங்கிவிடும்.