எண்ணிக்கையும் விமரிசனமும்

கோப்பாய் மண் தமிழுக்குத் தந்த பேரறிஞருள் ஒருவர் சபாபதி நாவலர். அவரது ‘திராவிடப் பிரகாசிகை’ 1899-இல் வெளிவந்தது. புலமையுலகம் அவரை வடகோவைச் சபாபதி நாவலர் என்றே வழங்கும். கோப்பாய் என்னும் ஊர்ப்பெயர் புலவர் வழக்கில் கோவை எனக் குறுகி நின்றது. இச்சிறு செய்தி, இலக்கிய ஆராய்ச்சியில் இன்று புகுந்துள்ள புதிய முறையொன்றைச் சோதிப்பதற்கு நல்ல உரைகல்லாகும்.

நூல்களைக் கணினியில் ஏற்றி, ஒரு சொல் எத்தனை தடவை வருகிறதென எண்ணி, அந்த எண்ணைக் கொண்டே ஆசிரியனின் நோக்கையும் காலத்தின் போக்கையும் தீர்மானிப்பது அம்முறை. பைத்தன் போன்ற நிரல்மொழியில் இதற்கு ஒரு வரிக் கட்டளை போதும். கண் இமைப்பதற்குள் விடை கிடைக்கும். விடை எண்ணாக வருவதால் அதற்கு விஞ்ஞானத்தின் மதிப்பும் வந்து சேர்கிறது. ஆனால் கணினி எண்ணியது எதனை? இக்கேள்வியைக் கேட்காதவன் விமரிசகனாகான்.

‘கோவை’ என்று தேடினால் நாவலர் பிறந்த ஊரும், கோயம்புத்தூரும், கோவைப் பிரபந்தமும், வேலியிற் படரும் கோவைக்கொடியும் ஒரே கணக்கில் விழும். ‘கோப்பாய்’ என்றே தேடினாலோ ‘கோப்பாய்க்கு’ அகப்படும், ‘கோப்பாயில்’ அகப்படாது. கணினி மெய்யெழுத்தையும் உயிர்மெய்யெழுத்தையும் நாம் அறிவதுபோல அறிவதில்லை. அகரமேறிய எழுத்தை ஒரு குறியாகவும், அதன்மேல் வரும் புள்ளியை அல்லது உயிர்க்குறியை வேறொரு குறியாகவும் வைத்திருக்கிறது. புள்ளி நின்ற இடத்தில் இகரக்குறி வந்தால் அதற்கு அது வேறு சொல். இதே காரணத்தால் ‘கல’ என்று தேடுவோனிடம் ‘கல்வி’யும் வந்து நிற்கும். ‘கோ’ என்ற எழுத்தையே ஓகாரக்குறி ஒன்றாலும் பதியலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரு குறிகளாலும் பதியலாம். கண்ணுக்கு ஒன்றாய்த் தோன்றுவது, முன்கூட்டி ஒருமைப்படுத்தாவிடின், கணினிக்கு இரண்டு. ‘கலகலகல’ என்பதில் ‘கலகல’ எத்தனை? ஒன்றன்மேலொன்று ஏறி நிற்பதையும் சேர்த்தால் இரண்டு. பைத்தனின் வழக்கமான கட்டளையோ ஒன்று என்றே சொல்லும். எண்ணி முடித்த எழுத்தை அது மறுபடி எண்ணுவதில்லை.

இவை தொழில்நுட்பக் குறைகள்தாமே, திருத்திக்கொள்ளலாமே என்பர். திருத்தலாம், திருத்தவும் வேண்டும். ஆயினும் எதை எண்ணுவது, எதை விலக்குவது என்னும் தீர்ப்பை மனிதனே வழங்கியாக வேண்டும். அத்தீர்ப்பில்தான் விமரிசனம் பிறக்கிறது.

யாழ்ப்பாணத்துச் சிறுகதைகளிற் சாதிக்கொடுமை எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளது என ஒருவர் ஆராயப் புகுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சாதி’ என்று தேடுகிறார். பரீட்சையில் ‘சாதித்தவன்’ வருகிறான். சமையலறைச் ‘சாதிக்காய்’ வருகிறது. அநீதியைக் கண்டும் ஒருவன் ‘மௌனம் சாதித்தான்’ என்ற வாக்கியமும் சாதியைப் பேசியதாகக் கணக்கேறுகிறது! மறுபுறம், தேநீர்க்கடையில் ஒருவனுக்குப் பேணியும் மற்றவனுக்குச் சிரட்டையும் நீட்டப்படுவதைச் சொல்லும் கதையிலே அச்சொல் ஒருதடவையேனும் வராதிருக்கலாம். நம் கிராமங்களிற் சாதி தன் பெயரைக் கூவிக்கொண்டு நடமாடியதில்லை. ‘எங்கடை ஆக்கள்’ என்ற இரு சொற்களுக்குள் ஒளிந்து நின்றது. 1966-இன் பின் தேநீர்க்கடைகளிலும் கோயில் வாசல்களிலும் உரிமை கேட்டுப் போராடிய மக்களின் வாழ்வு, இத்தகைய கணக்கிலே சுழியமாக முடியுமாயின் அக்கணக்கினால் யாருக்கு நன்மை?

எண்ணிக்கையே வேண்டாம் என்பது நம் கட்சியன்று. பேராசிரியர் கைலாசபதி 1968-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட வீரயுகப் பாடல்கள் பற்றிய நூலில், சங்கச் செய்யுள்களில் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை நுணுகி ஆராய்ந்தார். ஹோமர் காவியங்களில் மில்மன் பரி கண்ட வாய்மொழி வாய்பாட்டு முறை அவருக்கு வழிகாட்டிற்று. ஆனால் தொடர்களைத் திரட்டியதோடு அவர் நின்றுவிடவில்லை. அத்தொடர்களுக்குப் பின்னால் ஊரூராய்ச் சென்று பாடிய பாணனைக் கண்டார். பாணனுக்குப் பின்னால் அவனைப் பேணிய சமுதாயத்தைக் கண்டார். எண் அவருக்கு வாயிற்படி. வீடு அதற்கப்பால் இருந்தது.

இன்னொன்றையும் மறத்தலாகாது. 1981-இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அவற்றுள் வேறெங்கும் பிரதியில்லாதனவும் இருந்தன. அவற்றை எந்த நிரலும் எண்ணப்போவதில்லை. 2005-இல் தொடங்கிய நூலகம் திட்டம் எஞ்சியவற்றைத் திரட்டி வருவது போற்றத்தக்க பணி. எனினும் படமாக மட்டும் ஏற்றப்பட்ட பக்கம், எழுத்தாக மாற்றப்படும்வரை கணினிக்கு வெற்றுத்தாளே. ஆகவே சுழியம் என்ற விடை ‘இல்லை’ என்றும் பொருள்படலாம். ‘எரிந்தது’ என்றும், ‘இன்னும் எழுத்தாக்கப்படவில்லை’ என்றும், ‘எழுத அஞ்சினர்’ என்றும் பொருள்படலாம்.

இளம் ஆய்வாளர் இக்கருவியைத் துணிந்து கையாளட்டும். ஆனால் எண்ணைத் தரும்போது எதைத் தேடினோம், எதை விலக்கினோம், எந்த நூல்களில் தேடினோம் என்பதையும் உடன் உரைக்கட்டும். அதன்பின் நூலைத் திறந்து வாசிக்கட்டும். சிரட்டை ஏந்திய கைகளை அங்கேதான் காணலாம்.